இடப்பக்கம் பேசாத ரேடியோ



போன வாரம் வாப்பாவின் பழைய ஸ்டீரியோ செட்டின் படத்தைப் போட்டதிலிருந்து ஊரில் பலர் கேட்டுவிட்டார்கள். "எங்கட வீட்டுலயும் ஒண்டு கெடக்கு, திருத்தலாமா?" "ஈயத்த கழட்ட என்ன சாமான் வாங்குற?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை. எல்லாவற்றையும் இங்கே சேர்த்து எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். பிழை விட்ட இடங்களையும் மறைக்கவில்லை.

"நாங்கள்" என்றால் ராத்தாவும் தங்கச்சியும். ஒருவர் வீட்டில் தையல் தைக்கிறவர். மற்றவர் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். எலெக்ட்ரோனிக்ஸ் என்று தனியாக ஒரு கோர்ஸும் நாங்கள் செய்யவில்லை.

செட் ஒரு பயனியர் எஸ்எக்ஸ்-650. பக்கத்துக்கு 35 வாட். வாப்பா 1978இல் ஜித்தாவில் வாங்கியது. வெள்ளி நிற முகப்பு, மரப்பெட்டி, தொட்டால் கைக்குள் கனமாக நிற்கும் டியூனிங் சக்கரம். லீவில் வரும்போது துணிமணிகளுக்கு நடுவே வைத்துக் கட்டிக்கொண்டு வந்தாராம். எங்கள் சின்ன வயதில் நோன்பு காலத்தில் இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவை அதில்தான் கேட்கும். ஸஹருக்கு உம்மா அடுப்படியில் நிற்பார், வாப்பா முன்னறையில் சத்தத்தைக் கூட்டிவிடுவார். உம்மா மௌத்தான பிறகு செட்டும் அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டது. அதற்கு மேல் ஒரு துணி.

சென்ற நோன்புக்கு முன் வாப்பாவே அதை இறக்கித் தரச் சொன்னார். துடைத்துப் போட்டோம். வலப்பக்கம் இரைச்சலோடு பேசியது. இடப்பக்கம் செத்துக் கிடந்தது. பக்கத்து ஊரில் ஒருவரிடம் கொண்டு காட்டினோம். "இத திருத்துற காசுக்கு புதுசு ரெண்டு வாங்கலாம், இரும்புக்குப் போடுங்க" என்றார். வாப்பா அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியில் முச்சக்கர வண்டியில் செட்டை மடியில் வைத்துக்கொண்டே வந்தார். அன்றிரவுதான் நாங்களே திறந்து பார்ப்பது என்று முடிவெடுத்தோம்.

முதலில் பாதுகாப்பு. இதை வாசிக்காமல் மற்றதை வாசிக்க வேண்டாம்.

பிளக்கைக் கழற்றினாலும் செட்டுக்குள் மின் இருக்கும். வகுப்பில் "கொள்ளளவி" என்று நாங்கள் படிப்பிக்கிற சாமான்தான் கடையில் கப்பாசிற்றர். மின்வழங்கியில் உள்ள பெரிய இரண்டும் கரண்டைப் பிடித்து வைத்திருக்கும். திருப்புளியால் குறுக்கே தொட்டுப் பொறி பறக்க விடுவது வீரமல்ல. ஒரு தடையியை இரண்டு முனைகளுக்கும் குறுக்கே கொஞ்ச நேரம் பிடித்து, மீற்றரால் அளந்து பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

அடுத்தது வோல்ட். சவூதியில் அந்தக் காலத்தில் பல இடங்களில் வீட்டு மின்சாரம் 127 வோல்ட். எங்களுக்கு 230. வளைகுடாவிலிருந்து வந்த பல செட்டுகளின் பின்பக்கத்தில் வோல்ட்டை மாற்றும் ஒரு தெரிவி இருக்கும். அது 120இல் இருக்கும்போது இங்கே செருகினால் அத்தோடு கதை முடியும். எங்களுடையதை வாப்பா வந்த அன்றே 240க்கு மாற்றியிருந்தார். நீங்களும் செருகுவதற்கு முன் பின்பக்கத்தைப் பாருங்கள்.

மூன்றாவது, பல வருடம் கிடந்த செட்டை நேரே கரண்டில் போடக்கூடாது. நாங்கள் முதல் தடவை அப்படித்தான் போட்டோம். ஒன்றும் ஆகாமல் தப்பியது அல்லாஹ்வின் கிருபை. 60 வாட் பழைய வகை மின்குமிழ் ஒன்றைத் தொடராக இணைத்து அதன் வழியாகக் கொடுக்க வேண்டும். குமிழ் ஒரு கணம் பளிச்சென்று எரிந்து பிறகு மங்கினால் நல்லது. பளிச்சென்றே நின்றால் உள்ளே எங்கோ ஷோர்ட், உடனே நிறுத்தலாம். எல்ஈடி குமிழ் இதற்குச் சரிவராது.

இனி எங்கள் பிழை.

இந்த வயதுச் செட்டுகளில் முதலில் கெடுவது மின்பகு கப்பாசிற்றர்கள், அதாவது உள்ளே திரவம் உள்ள உருளைகள். 40 வருடத்தில் அந்தத் திரவம் வற்றிவிடும். அவற்றை மாற்றுவோம் என்று தொடங்கினோம். புதியதைப் பொருத்துவது பெரிய வேலை என்று நினைத்தோம். அது வேலையே இல்லை. பழையதை வெளியே எடுப்பதுதான் முழு வேலையும்.

வீட்டில் இருந்தது சூட்டைக் கட்டுப்படுத்த முடியாத மலிவான சோல்டரிங் அயன். ஈயம் உருகவில்லை என்று அழுத்தினோம். இன்னும் உருகவில்லை என்று குறட்டால் பிடித்து இழுத்தோம். கப்பாசிற்றர் வந்தது. அதோடு போர்ட்டில் ஒட்டியிருந்த செப்பு வளையமும், பாதையில் ஒரு துண்டும் சேர்ந்து வந்தன. எங்களில் யார் இழுத்தது என்று சொல்லப் போவதில்லை. இருவரும்தான் அவசரப்பட்டோம்.

அந்தக் காலத்து ஜப்பான் செட்டுகளில் பெரும்பாலும் போர்ட் கடதாசியும் பிசினும் சேர்த்து அழுத்திய மண்ணிற அட்டை. செப்பு ஒரு பக்கத்தில் மட்டும், பசையால் ஒட்டியது. இப்போதைய போர்ட்டுகளில் துளைக்கு உள்ளேயும் உலோகம் ஓடிப் பிடித்துக்கொண்டிருக்கும். இதில் அந்தப் பிடிப்பு இல்லை. சூடு கூடினால், அல்லது ஒரே இடத்தில் நீண்ட நேரம் நின்றால், பசை விட்டுவிடும். அப்போது லேசாக இழுத்தாலே செப்பு உரிந்துவிடும்.

செட்டை மூடினோம். வாப்பாவிடம் சொல்லவில்லை. நான்கு நாள். "எப்பிடி மகள், சரிவருமா?" என்று அஸருக்குப் பிறகு கேட்பார். "பாக்குறம் வாப்பா" என்போம். பாடசாலையில் ஒரு பிள்ளை சோதனைக் குழாயை உடைத்துவிட்டு மறைத்தால் நாங்கள் என்ன சொல்வோம் என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் நான்கு நாள் மறைத்தோம்.

நான்காம் இரவு ராத்தா ஒரு கல்யாணச் சட்டையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். அளவு பிழைத்த சட்டை. சின்னக் கத்தியால் ஒவ்வொரு கண்ணாக வெட்டி, நூலைத் தனியாக எடுத்து, துணியைத் தடவிப் பார்த்து, பிறகு அடுத்த கண். "தைக்கிறத ஆரும் படிச்சிரலாம், துணி கிழியாம பிரிக்கத்தான் கைப்பழக்கம் வேணும்" என்றார். சொல்லிவிட்டு அவரே எங்கள் செட்டைத் திரும்பிப் பார்த்தார்.

ஆசிரியர் கலாசாலையில் ஒரு விடயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்: பிள்ளைகள் முன் செய்யப்போகும் செய்முறையை முதல் நாளே நீங்கள் தனியாகச் செய்து பாருங்கள். வகுப்பில் தவறாமல் செய்கிறோம். வீட்டில் மறந்துவிட்டோம். அதனால் பழைய சாமான் எடுக்கும் கடையில் செத்த ரேடியோ போர்ட்டும், யூபிஎஸ் போர்ட் இரண்டும் வாங்கி வந்தோம். இரண்டு கிழமை செட்டைத் தொடவே இல்லை. அந்தப் போர்ட்டுகளில் இருந்த சாமான்களை மட்டும் கழற்றிக்கொண்டிருந்தோம். முதல் இருபதில் பாதிக்கு மேல் செப்பு உரிந்தது. கடைசி இருபதில் ஒன்றுகூட உரியவில்லை.

அந்த இரண்டு கிழமையில் படித்ததுதான் கீழே.

முதலாவது அயன். வேறு எதை வாங்காவிட்டாலும் சூட்டை அளவோடு வைக்கக்கூடிய அயன் ஒன்று வேண்டும். ஈயமும் தகரமும் கலந்த பழைய சோல்டர் 183 முதல் 190 பாகைக்குள் உருகிவிடும். ஆனால் முனையின் சூடு மூட்டுக்குப் போகும் வழியில் குறையும். அதனால் 330, 350 என்று வைக்கிறோம். ஊசி போன்ற முனை வேண்டாம், தட்டையான உளி முனை நல்லது. தொடும் பரப்பு கூடினால் சூடு சீக்கிரம் போகும், நாமும் சீக்கிரம் எடுத்துவிடலாம். ஒரு மூட்டில் மூன்று விநாடி. வரவில்லையா, விட்டுவிட்டு ஆறிய பிறகு வாருங்கள்.

இரண்டாவது, கழற்றுவதற்கு முன் புது ஈயம் வைக்க வேண்டும். எடுக்கத்தானே போகிறோம், ஏன் வைக்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றியது. பழைய ஈயத்தின் மேல் ஒட்சைட்டு படிந்திருக்கும், அதில் இருந்த பிளக்ஸும் எப்போதோ போயிருக்கும். புதிய ஈயம் கொஞ்சம் சேர்த்தால் அதிலுள்ள பிளக்ஸ் படிவை நீக்கும், சூடு நன்றாகப் பரவும், பழையதும் சேர்ந்து உருகும். எங்கள் பாதிப் பிரச்சினை இதோடு தீர்ந்தது.

மூன்றாவது, ஈயத்தை எடுக்கும் கருவி. மூன்று வகை உண்டு.

செப்புப் பின்னல் நாடா. மெல்லிய செப்புக் கம்பிகளைப் பின்னிய பட்டி. மூட்டின் மேல் வைத்து அயனால் அழுத்தினால், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல ஈயத்தை இழுக்கும். விலை குறைவு, தட்டையான இடங்களைத் துப்புரவாக்க இதைப்போல் ஒன்றில்லை. இரண்டு மூன்று மில்லிமீற்றர் அகலம் போதும். மலிவான நாடாவில் பிளக்ஸ் இருக்காது, நாமே தடவ வேண்டும். ஒரு எச்சரிக்கை: நாடாவையும் அயனையும் ஒன்றாகத் தூக்குங்கள். அயனை முதலில் எடுத்தால் நாடா போர்ட்டோடு ஒட்டி உறைந்துவிடும். அப்போது இழுத்தால் செப்பும் சேர்ந்து வரும்.

கையால் அமுக்கும் சக்கர். உள்ளே ஸ்பிரிங், மேலே ஒரு பொத்தான். ஈயத்தை உருக்கி, மூக்கை வைத்து, பொத்தானை அழுத்தினால் உறிஞ்சும். முதலாம் குறுக்குத்தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும். இதன் குறை இரண்டு. அயனை எடுத்துச் சக்கரை வைப்பதற்குள் ஈயம் உறையத் தொடங்கிவிடும். ஸ்பிரிங் உதைக்கும்போது கடினமான மூக்கு செப்பில் இடிக்கும். ஜப்பானின் எஞ்சினியர் எஸ்எஸ்-02 என்ற சக்கரில் மூக்கு சிலிக்கோன் குழாய். அயன் முனை இருக்கும்போதே அதன் மேல் அமர்த்தி மூடிவிடலாம், இடிக்கவும் இடிக்காது. எங்களிடம் இருப்பது சாதாரணச் சக்கர்தான். அதன் மூக்கில் சூடு தாங்கும் சிலிக்கோன் குழாயில் ஒரு சின்னத் துண்டை வெட்டிச் செருகிக்கொண்டோம். வேலை செய்கிறது.

மின்சாரத் துப்பாக்கி. முனையில் துளை, உள்ளே பம்ப். உருக்குவதும் உறிஞ்சுவதும் ஒரே நேரத்தில். ஹக்கோ எஃப்ஆர்-301 இந்த வகையில் பெயர் பெற்றது. ஆனால் விலை கூட. சீனத் தயாரிப்பில் இசட்டி-915 போன்றவை விலை குறைவு, ஆனால் அடிக்கடி துப்புரவாக்காவிட்டால் அடைத்துக்கொள்ளும். மாதம் ஒரு செட் திருத்துபவருக்கு இது பெறுமதி. வாழ்நாளில் ஒரு செட் திருத்தப்போகும் எங்களுக்குத் தேவையில்லை என்று விட்டோம்.

வீட்டில் ஒரு செட்டுக்கென்றால் எங்கள் பதில் இதுதான்: காசை அயனில் போடுங்கள், நல்ல பிளக்ஸ் வாங்குங்கள், நாடாவும் சக்கரும் போதும். இரண்டு காலுள்ள சாமானுக்குச் சக்கர், மீதியைத் துடைக்க நாடா. கால் அசைந்தால் மட்டும் எடுங்கள். அசையாத காலை இழுக்காதீர்கள்.

சோல்டரில் ஈயம் இருக்கிறது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், பிள்ளைகளை அறைக்குள் விட வேண்டாம், முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் எதையும் தின்னாதீர்கள். பெண்கள் முந்தானையையும் ஷோலையும் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். இது அனுபவத்தில் சொல்வது.

மூன்றாம் கிழமை செட்டைத் திரும்பத் திறப்பதற்கு முன் வாப்பாவிடம் போனோம். உரிந்த செப்புத் துண்டைக் கடதாசியில் சுற்றி வைத்திருந்தோம். அதைக் காட்டி நடந்ததைச் சொன்னோம். அவர் அதைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"ஒடஞ்சா ஒடஞ்சதுதான் மகள். ஜித்தாவுல நான் ஒடைக்காத சாமானா. நாலு நாளா சொல்லாம வெச்சிருந்தீங்களே, அதுதான் பிழை."

அவ்வளவுதான். பிறகு தேத்தண்ணி கேட்டார்.

உரிந்த பாதையைச் சரிசெய்வது நாங்கள் பயந்த அளவுக்கு இல்லை. அந்தப் பாதை அடுத்து எந்த மூட்டுக்குப் போகிறது என்று பார்த்து, புதிய கப்பாசிற்றரின் காலை நீளமாக விட்டு, வளைத்து, அந்த மூட்டிலேயே பற்ற வைத்தோம். பார்க்க அழகில்லை, வேலை நடக்கிறது. மற்றவற்றை ஒவ்வொன்றாக மாற்றினோம். ஒன்றைக் கழற்றினால் அதைப் பொருத்திய பிறகுதான் அடுத்தது. கழற்றுவதற்கு முன் படம் எடுத்தோம், நேர் மறை திசை மாறினால் கப்பாசிற்றர் வெடிக்கும். அதே கொள்ளளவு, அதே அல்லது கூடிய வோல்ட், 105 பாகை என்று எழுதியது. இரைச்சல் வந்ததற்குச் சில சின்ன டிரான்சிஸ்ரர்கள் காரணம். 2எஸ்ஏ726 என்ற வகை வயதானால் இரைச்சல் போடும் என்று பெயர் எடுத்தது. கேஎஸ்ஏ992 போட்டோம்.

இடப்பக்கம் பேசாததற்குக் காரணம் ரிலே. செட்டைப் போட்டுச் சில விநாடியில் "டிக்" என்று கேட்குமே, அது ஸ்பீக்கரைப் பாதுகாக்கும் ரிலே. இடப்பக்கத் தொடுமுனை கறுத்துப் போயிருந்தது. அதற்குப் பல கால்கள். எல்லாவற்றிலும் ஈயம் துப்புரவாகப் போனால்தான் அது வெளியே வரும். இரண்டு கிழமைப் பயிற்சி அந்த ஒரு சாமானுக்காகவே என்று தோன்றியது. ஒரு செப்பும் உரியாமல் வந்தது. புதியது போட்டோம். குமிழின் வழியாகக் கரண்ட் கொடுத்தோம். மங்கியது. "டிக்" என்றது. இரண்டு பக்கமும் பேசின. ஸ்பீக்கர் முனைகளில் அளந்தோம், இரண்டிலும் சில மில்லிவோல்ட்தான். அல்ஹம்துலில்லாஹ்.

இஷாவுக்குப் பிறகு வாப்பாவைக் கூப்பிட்டு, இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே கதிரையைப் போட்டு உட்கார வைத்தோம். டியூனிங் சக்கரத்தை அவரே உருட்டினார். முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றோம். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு சொன்னார்:

"நல்லா இரிக்கி. ஆனா இன்னும் எடப்பக்கம் பேசல்லியே மகள்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். இடப்பக்கம் பேசுகிறது, எங்களுக்குக் கேட்கிறது. ஸ்பீக்கர் வயர்களை இடம் வலம் மாற்றிப் போட்டோம். "இப்பயும் எடப்பக்கம்தான்" என்றார். கதிரையைத் திருப்பி, ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி உட்காரச் சொன்னோம். இப்போது எந்தப் பக்கம் பேசவில்லை என்று கேட்டோம். தன் இடது கையைத் தூக்கினார்.

தூக்கிய கையோடு அவருக்கே விளங்கிவிட்டது. கையை மெல்ல இறக்கி மடியில் வைத்தார். நாங்கள் செட்டை நிறுத்தவும் இல்லை, பேசவும் இல்லை.

அந்த வாரமே காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் கூட்டிப்போனோம். செவிப்புலப் பரிசோதனை செய்தார்கள். இரண்டு காதும் குறைந்திருக்கிறது, இடது மிகவும் குறைவு. ஜித்தாவில் ஆறு வருடம் ஜெனரேற்றருக்குப் பக்கத்தில் வேலை செய்ததை வாப்பா அப்போதுதான் வாய் திறந்து சொன்னார். பெரிய சத்தம் காதைக் கெடுக்கும் என்றும், ஒரு பக்கம் மட்டும் இவ்வளவு குறைந்தால் வேறு காரணம் உண்டா என்றும் பார்க்க வேண்டும் என்றும் வைத்தியர் சொல்லி மேலும் பரிசோதனைக்கு எழுதினார். வேறு பயப்பட ஒன்றும் இல்லை. இப்போது காதுக்கருவிக்கு அளவெடுத்திருக்கிறார்கள்.

எங்களுக்கு வெட்கமாக இருந்தது. டீவியைக் கூட்டி வைப்பார், "வாப்பா, கொறைங்க" என்போம். இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார், கோபம் என்று நினைப்போம். ஒரு ரிலேயின் இடது முனை கறுத்ததைக் கண்டுபிடிக்க மீற்றரோடு மூன்று கிழமை உட்கார்ந்தோம். வருடக்கணக்காக ஒரே வீட்டில் இருந்தும் வாப்பாவின் இடது காதை ஒரு நாளும் கேட்டுப் பார்க்கவில்லை.

உங்கள் வீட்டிலும் முதியவர்கள் சத்தத்தைக் கூட்டி வைத்தால், ஒரு பக்கம் மட்டும் திரும்பிக் கேட்டால், முதலில் காதைக் காட்டுங்கள். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் நாளைக்குப் பார்ப்போம் என்று விடாதீர்கள், அது உடனே போக வேண்டிய விடயம்.

இனி செட். ஸ்டீரியோவில் சில சத்தங்கள் இடப்பக்கம் மட்டும், சில வலப்பக்கம் மட்டும் வரும். ஒரு காது குறைந்தவருக்கு அதில் பாதி போய்விடும். இந்தக் காலத்துச் செட்டுகளின் முகப்பில் ஸ்டீரியோ, மோனோ என்று ஒரு சின்ன விசை இருக்கும். நாங்கள் அதை ஒரு நாளும் தொட்டதில்லை. மோனோவில் போட்டால் இரண்டு பக்கச் சத்தமும் கலந்து இரண்டு ஸ்பீக்கரிலும் ஒன்றுபோல வரும். அதை மோனோவுக்குத் தட்டி, கதிரையை வலது ஸ்பீக்கருக்குக் கிட்டே நகர்த்தி வைத்தோம்.

வாப்பா கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப முழுசா வருது" என்றார்.

அந்த விசை இப்போதும் மோனோவில்தான் நிற்கிறது. வீட்டுக்கு வரும் பிள்ளைகள் யாரும் அதை மாற்ற வேண்டாம்.

வாப்பாவுக்காகத் துஆச் செய்யுங்கள்.